உடைந்த பின்கண்ணாடி

அத்தியாயம் 7

ஹெஸ்டர் குவில்லுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அது எவ்வளவுக்கு இறங்குகிறதோ அவ்வளவுக்கு எதிரே நிற்பவர் ஜாக்கிரதையாக இருந்துகொள்ள வேண்டும். அன்று காலை சக்கர வீடுகள் வரிசையாக நிற்கும் பாலோ வெர்டே டிரெய்லர் பார்க்கில் அந்தக் குரல் கிணற்றின் அடிக்கே போயிருந்தது.

"அந்த விலங்கைக் கழட்டு, லைல்."

"முடியாது மேடம்," என்றான் துணை ஷெரீஃப் லைல் ஃபென்ஸ்கி. நல்லவன்தான். ஆனால் கண்ணெதிரே ஒரு விடை வந்து நின்றுவிட்டால் அதற்குப் பின்னால் எட்டிப் பார்க்கத் தோன்றாத ஆள். "வண்டி இவரோடது. பின்பாதையில உடைஞ்சு கிடக்கிற கண்ணாடி இவர் வண்டியோடது. வண்டி மூலையில ஒட்டியிருக்கிற வெள்ளைப் பெயின்ட் ஜெனீவா அம்மா டிரெய்லரோடது. இதுக்கு மேல நான் என்னத்தைப் பார்க்கணும்?"

"இதுக்கு மேலதான் பார்க்கணும்."

அவர்களுக்கு நடுவே, தன் டிரெய்லரின் வாசற்படியில் எமெட் ரஸ்க் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டிய மனிதர். எண்ணெய்க் குழாய்களைப் பற்றவைத்தே வாழ்க்கையை ஓட்டியவர். விலங்கு மாட்டிய கைகளை மடியில் போட்டுக்கொண்டு யாரையும் பார்க்காமல் இருந்தார். காலடியில் அவருடைய நாய் டைனமைட் துணை ஷெரீஃபைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது. அது எதைப் பார்த்தாலும் குரைக்கும். கள்ளிச் செடியைப் பார்த்துக் குரைக்கும், நிலாவைப் பார்த்துக் குரைக்கும், சும்மா இருக்கப் பிடிக்காமலும் குரைக்கும்.

எல்லா வினையும் அந்தக் குரைப்பில்தான் ஆரம்பித்தது.

பக்கத்து மனையில் குடியிருந்த ஜெனீவா ஹோல்ட்டுக்கு நாய் குரைப்பது பிடிக்காது. அதை அமுக்க அவள் தன் டிரெய்லர் கூரையோரம் காற்றுமணிகளைத் தொங்கவிட்டாள். எமெட்டுக்குக் காற்றுமணி பிடிக்காது. ஒன்றை அறுத்து எடுத்துவிட்டார். அவள் இரண்டு மாட்டினாள். போன மாதம் எல்லோரும் கூடியிருந்தபோது கிழவர் வாயை விட்டுவிட்டார்: "ஒரு நாள் உன் தகரப் பெட்டியை என் வண்டியில மாட்டி இழுத்துட்டுப் போய் ஓடையில தள்ளுறேன் பாரு."

இப்போது அது ஓடையில் கிடந்தது.

போன சனிக்கிழமை நண்பகல். ஜெனீவா இடுப்பு எலும்பு உடைந்து நகரத்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். பார்க் மொத்தமும் கூடத்தில் கூடி, பீன்ஸும் மாட்டிறைச்சியும் போட்ட சில்லிக் குழம்பை யார் அதிகக் காரமாகக் கிண்டுகிறார்கள் என்று போட்டி நடத்திக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் யாரோ எமெட்டின் டிரக்கை எடுத்து, ஜெனீவாவின் சின்ன டிரெய்லரைப் பூட்டி, பின்பாதை வழியே கொண்டுபோய் வறண்ட ஓடையின் சரிவில் அவிழ்த்துவிட்டார்கள். அது உருண்டு விழுந்து பக்கவாட்டில் பிளந்து கிடந்தது. காலையில் ஹெஸ்டர் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். ஜெனீவாவின் தையல் மெஷின் மணலில் மூக்குக் குத்திக் கிடந்தது. பாதி தைத்த ஒரு பூப்போட்ட சட்டை ஊசியிலேயே மாட்டிக்கொண்டு காற்றில் படபடத்தது. அந்தச் சட்டையைப் பார்த்த பிறகுதான் ஹெஸ்டரின் குரல் இறங்க ஆரம்பித்தது.

வேடிக்கை என்னவென்றால், அவளை இந்த வேலைக்கு அமர்த்தியதே ஜெனீவாதான். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து போன் செய்தாள்.

"அந்தக் கிழட்டுக் கழுதை இதைச் செஞ்சிருக்க மாட்டான்," என்றாள். "அவனுக்குக் கத்தத்தான் தெரியும். நீ போய் யார் செஞ்சதுன்னு கண்டுபிடி. அவன்கிட்ட மட்டும் நான் சொன்னேன்னு சொல்லிடாதே."

ஹெஸ்டர் காப்பீட்டுக் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைத் துருவியே தலை நரைத்தவள். அவளுடைய உதவியாளன் டூலி அதற்கு நேர்மாறான வேலையிலிருந்து வந்தவன். ரோடியோ மைதானத்தில் கோமாளி வேஷம் போட்டு, ஆளை முட்ட வரும் காளையைத் தன் பக்கம் திருப்பி ஓடுவது அவன் தொழில். ஒரு காளை அவனைவிட வேகமாக ஓடிய நாளோடு அதை விட்டுவிட்டான். நடக்கும்போது இடது கால் இன்னும் கொஞ்சம் இழுக்கும்.

"தலைவரே," என்றான் டூலி மெதுவாக, "காளைகிட்ட இருந்து ஆளைக் காப்பாத்திப் பழக்கம் இருக்கு. ஷெரீஃப்கிட்ட இருந்து காப்பாத்தி எனக்குப் பழக்கமில்ல. முகத்துல பெயின்ட் அடிச்சுக்கவா?"

"வாயை மூடிக்கிட்டு அந்த வண்டியோட பின்கதவை இறக்கு."

அதற்குள் டீசல் சத்தம் கேட்டது. அந்தப் பார்க்கில் வேட் கிரிம்ஸ் வருவதைப் பார்க்கத் தேவையில்லை, கேட்டாலே போதும். பார்க்கின் முதலாளி அவன். நீளமான பின்தொட்டியும் பின்னால் நான்கு சக்கரமும் வைத்த அவனுடைய டிரக், லாரிக்குத் தம்பி மாதிரி உறுமிக்கொண்டு வந்து நின்றது. இறங்கியவன் கையில் ஒரு அட்டையும் சுத்தியலும் இருந்தன. யாரிடமும் பேசாமல் எமெட்டின் மனையில் நின்ற கம்பத்தில் அட்டையை வைத்து ஆணி அடித்தான். இன்று மாலைக்குள் மனையைக் காலி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது.

"விதி விதிதான், எமெட்," என்றான். "கேஸ்ல மாட்டினவனுக்கு என் பார்க்ல இடமில்ல."

"பாவம் ஜெனீவா அம்மா," என்றான் டூலி, பின்கதவை இறக்கியபடி. "அவங்களுக்காவது இடம் உண்டா?"

வேட் முகத்தைத் துயரமாக வைத்துக்கொண்டான். "எங்கப்பா அவளுக்கு வாக்குக் கொடுத்தாரு. அவளோட டிரெய்லர் அந்த மனையில நிக்கிற வரைக்கும் மனை அவளுக்குன்னு. இப்ப டிரெய்லர் எங்க நிக்குது? என் கையில என்ன இருக்கு சொல்லுங்க."

"ரெண்டு மனை இருக்கு," என்றாள் ஹெஸ்டர். "அடுத்தடுத்து. காலையில ஒண்ணுமில்லாத கைக்கு இது பரவாயில்லை."

வேட் அவளைத் திரும்பிப் பார்த்தான். பார்க்கை ஒரு பெரிய உல்லாச விடுதிக்காரன் விலை பேசிக்கொண்டிருக்கிறான் என்பது ஊருக்கே தெரியும். பழைய குடிகள் இருக்கும்வரை அவன் வாங்க மாட்டான் என்பதும் தெரியும்.

"அன்னிக்குப் பூரா என் வண்டி கூடத்து வாசல்லதான் நின்னுச்சு," என்றான் வேட். "அதோட பின்கதவு மேலதான் சில்லி அண்டாவே இருந்துச்சு. ஊரே வந்து அதுலதான் அள்ளித் தின்னுச்சு. கேட்டுப் பாருங்க."

"வண்டி நின்னுச்சு. சரி."

"அப்புறம் என்ன சொல்ல வர்றீங்க? இந்த விளையாட்டுச் சாமான்ல நான் ஏறினேன்னா?" எமெட்டின் டிரக்கைக் கட்டைவிரலால் காட்டினான். "முப்பது வருஷமா டிரெய்லர் இழுக்கிறேன். இந்த மாதிரி குட்டைத் தொட்டி வண்டியில என் பின்பக்கத்தை ஒரு தடவைகூட வெச்சதில்ல. வைக்கவும் மாட்டேன்."

"கேட்டுக்கிட்டியா லைல்?" என்றாள் ஹெஸ்டர்.

"கேட்டேன் மேடம்."

"ஞாபகம் வெச்சுக்க."

டீசல் உறுமல் அலுவலகத்துப் பக்கம் போய் மறைந்தது. ஹெஸ்டர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எமெட்டின் டிரக் தொட்டியில் ஏறினாள்.

வீட்டு டிரெய்லர்களில் பலவகை உண்டு. பம்பரில் மாட்டி இழுப்பது ஒரு வகை. ஜெனீவாவுடையதும் எமெட்டுடையதும் வேறு வகை. டிரக்கின் பின்தொட்டிக்குள்ளேயே கழுத்தை நீட்டி உட்காருபவை. தொட்டியின் நடுவே, பின்சக்கரங்களுக்கு நேர் மேலே ஒரு இரும்பு ஹிட்ச் இருக்கும். டிரெய்லரின் கழுத்திலிருந்து இறங்கும் முளை அதன் வாயில் போய்ப் பூட்டிக்கொள்ளும். பாரம் சரியாக உட்காரும், நெடுஞ்சாலையில் ஆடாமல் வரும். நீளத் தொட்டி வண்டிக்கு இதில் கவலையே இல்லை. குட்டைத் தொட்டி வண்டிக்கு ஒரே ஒரு கவலை. கூர்மையான வளைவில் திரும்பினால் டிரெய்லரின் மூக்கு மூலை வந்து டிரைவரின் பிடரிக்குப் பின்னாலிருக்கும் கண்ணாடியை இடித்துவிடும்.

எமெட்டின் வண்டியில் அதுதான் இடித்திருந்தது. கண்ணாடி இருந்த இடத்தில் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து ஒட்டியிருந்தார்கள்.

"எமெட்," என்றாள் ஹெஸ்டர் தொட்டியிலிருந்தே. "உங்க ஹிட்ச் நகருற ஹிட்ச்தானே?"

கிழவர் முதன்முறையாக நிமிர்ந்தார். காதுக்கருவியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "ஆமா. குட்டை வண்டின்னா அது இல்லாம முடியாது. வளைவு வர்றதுக்கு முன்னாடி வண்டியை நிறுத்தி, பூட்டை விடுவிச்சு, டிரெய்லர் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு வண்டியை முன்னால நகத்தினா ஹிட்ச் பின்னால போயிடும். மூக்குக்கும் கண்ணாடிக்கும் நடுவுல இடம் கிடைக்கும். திரும்பி முடிச்சதும் பழையபடி முன்னால கொண்டாந்து பூட்டிடணும்."

"நீங்க எப்பவும் பூட்டிடுவீங்களா?"

"பின்னாலயே விட்டா வண்டி முன்பக்கம் தூக்கிக்கும். ஸ்டியரிங் சொன்னதைக் கேக்காது. சாகணும்னு ஆசை இருந்தா விடலாம்."

"இப்ப பின்னாலதான் இருக்கு."

கிழவர் எழுந்துவிட்டார். விலங்கு குலுங்கியது. வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தவருக்கு முகம் சிவந்தது. ஹிட்ச், பின்கதவை ஒட்டினாற்போல் நின்றது.

"எந்த முட்டாள் இப்படி விட்டான்?"

"அதைத்தான் கேக்குறேன். சனிக்கிழமை நீங்க எங்க இருந்தீங்க?"

"தூங்கினேன். எனக்கு பீன்ஸ் ஒத்துக்காது. காதுல இருந்ததை எடுத்து வெச்சுட்டு உள்ள படுத்துட்டேன்."

"நாய் குரைச்சிருக்குமே," என்றான் லைல்.

"அது எப்பத்தான் குரைக்கல?"

டைனமைட் குரைத்து ஆமோதித்தது.

"சாவி?"

"எண்ணெய் ஊத்துற மூடிக்குள்ள. எல்லாரும் அங்கதான் வெக்கணும். ஓடையில திடீர்னு வெள்ளம் வந்தா யார் வண்டியையும் யாரும் நகத்தணுமில்ல. வேட் போட்ட விதி அது."

"அருமையான விதி," என்றான் டூலி. "திருடனுக்கு அலைச்சல் மிச்சம்."

லைல் தன் வண்டி ரேடியோவில் கூப்பிட்டவர்களுக்குப் பதில் சொல்லப் போனான். ஹெஸ்டர் ஹிட்ச்சின் பக்கத்தில் குனிந்தாள். பூட்டை விடுவிக்கும் நெம்புகோல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முறிந்த குச்சிதான் இருந்தது. "எமெட், நெம்புகோல் எங்க?"

கிழவர் தலையைத் திருப்பினார். நாயைப் பார்த்தார். பிறகு விலங்குக் கைகளைச் சேர்த்துத் தூக்கி இடது பின்சக்கரத்தைக் காட்டினார். "சக்கரத்துக்கு மேல, உள்பக்கமா கையை விடுங்க."

டூலி மண்டியிட்டுக் கையை விட்டான். தகரத்துக்கு அடியில், வெளியே கொஞ்சமும் தெரியாதபடி, ஒரு பழைய நாய்க்கயிற்றின் கைப்பிடி செருகியிருந்தது. அதன் மறுமுனை ஹிட்ச்சின் பூட்டில் கட்டியிருந்தது.

"போன குளிர்காலத்துல முறிஞ்சிடுச்சு," என்றார் எமெட். "வாழ்நாள் பூரா வெல்டிங் பண்ணினவன். இப்ப கை நடுங்குது. ஒரு நெம்புகோலை ஒட்டவைக்க முடியாம நாய்க்கயிறு கட்டியிருக்கேன்னு யாருக்காவது தெரிஞ்சா என்ன நினைப்பாங்க? அதான் உள்ள தள்ளி வெச்சேன். யார்கிட்டயும் சொல்லல."

"யார்கிட்டயும்?"

"நாய்க்குத் தெரியும். அதோட கயிறு."

லைல் திரும்பி வருவதைப் பார்த்து ஹெஸ்டர் தொட்டியிலிருந்து இறங்கினாள். "நடங்க. டாங்க் முனைக்குப் போகலாம்."

பின்பாதையில் தண்ணீர் டாங்க் இருக்கும் இடத்தில் வழி சட்டென்று மடங்குகிறது. அந்தப் பார்க்கிலேயே கூர்மையான வளைவு அதுதான். மணலில் கண்ணாடித் துணுக்குகள் கற்கண்டு சிதறியதுபோல மினுங்கின. ஹெஸ்டர் அவற்றை எடுக்கவில்லை. எங்கே கிடக்கின்றன என்று மட்டும் பார்த்தாள். வளைவின் ஆரம்பத்திலேயே கொட்டிக் கிடந்தன. அங்கே சக்கரத் தடம் கொஞ்சம் பின்னால் வந்து, நின்று, மறுபடி முன்னால் போயிருந்தது. அதற்கப்புறம் வளைவு முழுக்க ஒரு துணுக்குகூட இல்லை.

"லைல், எமெட் இந்த வழியா எத்தனை தடவை போயிருப்பாரு?"

"வருஷா வருஷம் கோடையில வடக்கே போவாரு. குளிர் வந்தா திரும்பி வருவாரு. எனக்குத் தெரிஞ்சு..."

"எண்ண வேண்டாம். ஒரு தடவையாவது கண்ணாடி உடைஞ்சிருக்கா?"

லைல் யோசித்தான். "இல்ல."

"உடையாது. குட்டை வண்டிக்காரனுக்கு வளைவைப் பார்த்தாலே கை தானா பூட்டுக்குப் போகும். இங்க வந்து இடிச்சவன் வாழ்நாள் பூரா நீளத் தொட்டி ஓட்டினவன். வளைவைப் பத்தி அவனுக்குப் பயமே கிடையாது. இடிச்சப்புறம்தான் விஷயம் புரிஞ்சிருக்கு. பின்னால எடுத்து, இறங்கி, தேடித் தடவி, பூட்டை விடுவிச்சு மீதி வளைவைத் திரும்பியிருக்கான். ஆனா கத்துக்கிட்டது பாதி. திரும்ப முன்னால கொண்டாந்து பூட்டணும்னு அவனுக்குத் தெரியல. அப்படியே கொண்டுபோய் விட்டுட்டான். நீ எந்தக் கண்ணாடியைக் காட்டி இவருக்கு விலங்கு போட்டியோ, அந்தக் கண்ணாடிதான் இவர் ஓட்டலைன்னு சொல்லுது."

லைல் குனிந்து துணுக்குகளைப் பார்த்தான். பிறகு அவன் தன் வேலையை ஞாபகப்படுத்திக்கொண்டான். "கோர்ட்ல வக்கீல் என்ன சொல்வார் தெரியுமா மேடம்? ஆத்திரத்துல மறந்துட்டார்னு சொல்வார். அப்படி இல்லைன்னே வெச்சுக்குவோம். இந்தப் பார்க்ல பாதிப் பேர் நீளத் தொட்டிக்காரங்க."

நியாயமான பேச்சு. அதனாலேயே ஹெஸ்டருக்கு எரிந்தது. ஓடைப் பக்கம் பார்த்தாள். பூப்போட்ட சட்டை இங்கிருந்து தெரியவில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரிந்தது.

"இந்த டிரக் சாட்சிப் பொருள். உன் ஸ்டேஷனுக்குப் போகணுமில்ல?"

"போகணும். எங்க ஆளுங்க இன்னும் வரல."

"எமெட்டோட டிரெய்லரும் மாலைக்குள்ள வெளியே போகணும். ரெண்டையும் ஒண்ணா மாட்டி இந்த வழியா வேட் ஓட்டிட்டு வரட்டும். அவனுக்குத்தானே அவசரம்."

"என் டிரெய்லரையா?" எமெட் பதறினார். "அந்தத் தடியன் மூக்கை உடைச்சிடுவான்."

"எமெட், உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன். என்ன நடந்தாலும் அந்தக் கயிறைப் பத்தி வாயைத் திறக்காதீங்க," என்றாள் ஹெஸ்டர், லைலுக்குக் கேட்காதபடி அவர் காதோடு.

டூலி கையைத் தேய்த்துக்கொண்டான். "புரிஞ்சிடுச்சு தலைவரே. ஹிட்ச்சை முன்னால தள்ளிப் பூட்டிடுறேன். அவன் வந்து டாங்க் முனையில டமார்னு இடிப்பான். இடிச்சா அவன்தான் ஆளு."

மனைக்குத் திரும்பியதும் டூலி சொன்னபடியே ஹிட்ச்சை முன்னால் தள்ளிப் பூட்டினான்; லைல் வேட்டைக் கூட்டிவந்தான்.

வேட் முதலில் தயங்கினான். தன் டிரக்கில் மாட்டி இழுக்கிறேன் என்றான். "அப்ப இந்த டிரக்கை யார் தலையில தூக்கிட்டு வர்றது?" என்று டூலி கேட்டான். "எனக்குக் கால் சரியில்ல. இவருக்குக் கை சரியில்ல." விலங்கைக் காட்டினான். பக்கத்து மனைக்காரர்கள் நாற்காலிகளை இழுத்துப் போட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அவர்கள் முன்னால் பின்வாங்க வேட்டுக்குப் பிடிக்கவில்லை. எமெட்டின் டிரக்கில் ஏறினான். சீட்டில் உட்கார்ந்து, ஏதோ அசிங்கத்தை மிதித்துவிட்டவன்போல முகம் சுளித்துக் காட்டினான். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

வேலை தெரிந்தவன். ஒரே முயற்சியில் பின்னால் வந்து, முளையை ஹிட்ச்சின் வாயில் கொண்டுபோய்ச் சொருகினான். டிரெய்லரின் பிரேக் பிளக்கை மாட்டினான், அதைத் தாங்கி நின்ற இரும்புக் கால்களை மேலே ஏற்றினான், ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டான். வண்டி புறப்பட்டது. ஹெஸ்டரும் லைலும் விலங்கோடு எமெட்டும் பக்கவாட்டில் நடந்தார்கள். டூலி இழுத்து இழுத்துப் பின்னால் வந்தான். நாய் எல்லோருக்கும் முன்னால் ஓடியது.

டாங்க் முனை நெருங்கியது. டூலி காதைப் பொத்திக்கொண்டான்.

வண்டி நின்றது.

கண்ணாடித் துணுக்குகள் கிடந்த இடத்துக்குச் சற்று முன்பாகவே நின்றது. வேட் கதவைத் திறந்து இறங்கினான். இடது பின்சக்கரத்தருகே குந்தினான். சக்கரத்துக்கு மேலே உள்பக்கமாகக் கையை விட்டு இழுத்தான். தொட்டிக்குள் இரும்பு 'டக்'கென்று விடுபட்டது. மறுபடி ஏறி, டிரெய்லர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னால் நகர்த்தினான். ஹிட்ச் வழுக்கிப் பின்னால் போனது. பிறகு வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல வளைவைத் திரும்பி முடித்து நிறுத்தினான். மூக்குக்கும் அட்டைக்கும் நடுவே ஒரு ஆள் கையை விடலாம்.

டூலி காதிலிருந்து கையை எடுத்தான். முகம் தொங்கிவிட்டது. "போச்சு. இடிக்கலையே தலைவரே."

"மேடம்," என்றான் லைல் சங்கடத்துடன், "இவ்வளவு பதவிசா ஓட்டுறவரு கண்ணாடியை உடைச்சிருப்பாருன்னு சொல்ல முடியாது."

"இடிச்சிருந்தா இவன் நிரபராதி," என்றாள் ஹெஸ்டர்.

அவள் குரலைக் கேட்கவே இப்போது காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருந்தது. வேட் ஜன்னலில் முழங்கையை வைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தான். அவள் அவனிடம் போகவில்லை. லைலிடம்தான் பேசினாள்.

"நகருற ஹிட்ச்சுல நெம்புகோல் எங்க இருக்கும், லைல்?"

"ஹிட்ச்லயேதான். தொட்டிக்குள்ள."

"ஏறிப் பாரு."

லைல் சக்கரத்தில் கால் வைத்து ஏறி எட்டிப் பார்த்தான். "முறிஞ்சிருக்கு."

"அப்ப இவன் எதை இழுத்தான்?"

லைல் இறங்கி மண்டியிட்டான். கையை விட்டு எடுத்தபோது நாய்க்கயிற்றின் கைப்பிடி அவன் விரலில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்க்கத் தெரியாத அந்தக் கண்கள் முதன்முறையாக எட்டிப் பார்த்தன.

"இந்த வண்டியில பின்பக்கத்தை வெச்சதே இல்லைன்னாரு," என்றான் மெதுவாக.

"புதுசா ஏறுறவன் முதல்ல தொட்டியில தேடுவான்," என்றாள் ஹெஸ்டர். "இல்லேன்னா எமெட்டைக் கூப்பிட்டுக் கேப்பான். அதுவும் இல்லேன்னா தெரியாமலே திரும்பி இடிச்சிருப்பான். இந்த மூணுல எதைச் செஞ்சிருந்தாலும் நான் மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிருப்பேன். இவன் குந்தினான், கையை விட்டான், இழுத்தான். வீட்டு விளக்கைப் போடுற மாதிரி. சனிக்கிழமை மத்தியானம் இதே இடத்துல, உடைஞ்ச கண்ணாடியோட, வேர்த்து விறுவிறுத்துத் தடவித் தேடினவனுக்குத்தான் அந்தக் கயிறு தெரியும்."

வேட்டின் சிரிப்பு அப்படியே இருந்தது; ஆனால் அதற்குள் ஆள் இல்லை. "எமெட்தான்... எமெட் எப்பவோ சொன்னாரு."

"உன்கிட்ட நான் குட்மார்னிங்கூடச் சொன்னதில்லடா," என்றார் எமெட்.

"கூடத்துல போட்டி நடந்தப்ப அண்டா அங்க இருந்துச்சு," என்றான் டூலி. முகம் மலர்ந்துவிட்டது. "கரண்டி யார் கையில இருந்துச்சுன்னு யாரும் பார்க்கல. காரத்துல எல்லாருக்கும் கண்ணுல தண்ணி."

வேட் கதவைத் தள்ளித் திறந்தான். முகம் செங்கல் நிறமாகியிருந்தது. "என் நிலம் இது. எங்கப்பன் போதையில எவளுக்கோ வாக்குக் கொடுப்பான், அதுக்கு நான் காலமெல்லாம் கட்டுப்படணுமா? ஒரு தகரப் பெட்டி. அது ஒண்ணை வெச்சுக்கிட்டு அந்தக் கிழவி என் விற்பனையையே நிறுத்தி வெச்சிருக்கா. பெட்டியைத்தானே தள்ளினேன், அவளையா தள்ளினேன்?"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே கேட்டது. வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்திருந்தவர்களில் யாரும் சிரிக்கவில்லை.

ஹெஸ்டர் அவனிடம் போய் நின்றாள். அவன் மார்பளவுதான் இருந்தாள்.

"இடுப்பு உடைஞ்சு கிடக்கிற ஒருத்தி திரும்பி வந்து படுக்கிறதுக்கு இருந்த ஒரே இடம் அது. அதைத் தள்ளிட்டு, அந்தப் பழியைப் பக்கத்து வீட்டுக் கிழவன் மேல போட்டுட்டு, போய்க் கரண்டியைப் பிடிச்சு ஊருக்கே சோறு போட்டிருக்கே. கோவத்துல செஞ்சிருந்தாக்கூட உன்னை மனுஷன்னு சொல்லலாம். நீ கணக்குப் போட்டுச் செஞ்சிருக்கே." அவ்வளவு தாழ்ந்த குரலை டூலிகூட அதுவரை கேட்டதில்லை. "லைல். இப்பவாவது கழட்டுறியா?"

லைல் விலங்கைக் கழற்றினான். கழற்றிய சூட்டோடு வேட்டின் கையில் மாட்டினான். எமெட்டிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"மன்னிப்பெல்லாம் வேண்டாம், போ," என்றார் கிழவர் மணிக்கட்டைத் தேய்த்தபடி. "என் வண்டி முன்பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது பாரு. எனக்கு அதைப் பார்த்தா வயிறு எரியுது."

ஏறினார். டிரெய்லர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை மெல்லப் பின்னால் தள்ளினார். ஹிட்ச் முன்னால் வந்து 'டக்'கென்று பூட்டிக்கொண்டது. பாதை அகலமாகும் இடத்தில் சுற்றித் திரும்பிவந்தார். டாங்க் முனையில் இறங்கிக் கயிற்றை இழுத்தார், வளைந்தார், மறுபடி பூட்டினார். இந்த முறை எல்லோர் கண்ணெதிரிலும்தான் இழுத்தார்.

தன் மனை வந்தது. அவர் நிறுத்தவில்லை. அதைத் தாண்டிப் போய், ஜெனீவாவின் காலி மனையில் டிரெய்லரைப் பின்னால் செலுத்தி நிறுத்தினார். பழைய சக்கரங்கள் நின்று நின்று பள்ளம் பறித்திருந்த அதே இடத்தில் போய்ச் சக்கரங்கள் உட்கார்ந்தன.

"எமெட், உங்க மனை அது இல்லையே," என்றான் டூலி.

"தெரியும்டா கோமாளி. அவ டிரெய்லர் அந்த மனையில நிக்கிற வரைக்கும் மனை அவளுக்குத்தானே? இது இனிமே அவ டிரெய்லர். எழுதிக் கொடுத்துடுறேன். வேட் இல்லேன்னா அவன் வக்கீல் வருவான், வந்து பார்க்கட்டும் நிக்குதா இல்லையான்னு."

"நீங்க எங்க படுப்பீங்க?"

"வண்டியில. கண்ணாடி இல்ல, காத்து நல்லா வரும்." ஹெஸ்டரைப் பார்த்துக் கையை நீட்டினார். "அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் கொடுத்தேன்னு சொல்ல வேண்டாம். எங்கயோ சும்மா கிடைச்சுதுன்னு சொல்லுங்க."

"சொல்லிடுறேன்," என்றாள் ஹெஸ்டர். இரண்டு பேரிடமிருந்தும் ஒரே மாதிரி வேண்டுகோள் வாங்கிக்கொண்ட முகத்தை அவள் காட்டிக்கொள்ளவில்லை. கோபம் இன்னும் அடங்கியிருக்கவில்லை. ஓடையில் அந்தத் தையல் மெஷின் கிடந்தது. யாராவது போய்த் தூக்கி வர வேண்டும்.

"டூலி, கயிறு எடு. ஓடைக்குப் போகணும்."

அவர்கள் கிளம்பும்போது எமெட் கருவிப் பெட்டிக்குள் எதையோ துழாவிக்கொண்டிருந்தார். அறுத்து எடுத்துவைத்த அந்தக் காற்றுமணியை வெளியே எடுத்தார். நடுங்கும் கையால் டிரெய்லர் கூரையோரத்தில் அதைக் கட்டி முடிக்க வெகுநேரம் ஆனது. அதுவரைக்கும் திட்டிக்கொண்டே இருந்தார்; யாரை என்று தெரியவில்லை.

காற்று வந்தது. மணி அசைந்து ஒலித்தது. டைனமைட் அதைப் பார்த்துக் குரைக்க ஆரம்பித்தது.